விரலே விழியாக

தொல்காப்பியர் உலகத்து உயிர்களை எல்லாம் அறிவின் அளவு பற்றி ஆறு வகையாகப் பகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவு உடையன. மக்கள் ஆறறிவு உடையர். அவ்வாறு அறிவுகளுள் முதற்கண் வைத்து எண்ணப்பட்டது உற்றறிவு, அஃதாவது தொட்டு அறியும் அறிவு. நாவும் மூக்கும் அதன் பின்னர் வருகின்றன. கண் நான்காவது, செவி ஐந்தாவது, மனம் ஆறாவது. ஓரறிவு உயிர் முதல் மனிதர் ஈறாக எல்லா உயிர்க்கும் பொதுவாய் அமைந்தது தொட்டறியும் உணர்வு ஒன்றே. எனினும், கண்ணொளி பெற்ற நாம் அதனைப் பெரிதாக மதிப்பதில்லை. மல்லிகையின் வெண்மையைப் புகழ்கிறோம், மணத்தைப் புகழ்கிறோம், அதன் இதழை விரல் எவ்வாறு அறிந்தது என்று ஒருவரும் நம்மைக் கேட்பதில்லை.

நான்காம் அறிவையும் ஐந்தாம் அறிவையும் ஒருங்கே இழந்து, முதலறிவையும் ஆறாம் அறிவையும் பெருந்துணையாகக் கொண்டு வாழ்ந்தவர் ஹெலன் கெல்லர் அம்மையார். அவர் எழுத்தறிந்த வரலாற்றைப் பலரும் கேட்டிருப்பர். அவர் பொருட்காட்சிகளில் நுழைந்து கலைப்பொருள்களைக் கண்ட வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. இப்பாடம் அதனையே சிறப்பாக எடுத்துரைக்கும்.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்பது ஒரு மாநிலம். அங்குள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தையார் ஆர்தர் கெல்லர் படையில் பணிபுரிந்தவர். பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராக விளங்கினார். தாயார் பெயர் கேட். குழந்தைக்குப் பத்தொன்பது மாதம் நிரம்பியபோது கடுங்காய்ச்சல் ஒன்று கண்டது. அது வந்த விரைவிலேயே நீங்கியது. நீங்கும்போது கண்ணொளியையும் செவிப்புலனையும் உடன்கொண்டு சென்றுவிட்டது.

செவி கேளாமையால் பேச்சும் வளரவில்லை. ஆயினும், குழந்தையின் அறிவு உறங்கவில்லை. தன் விருப்பங்களைத் தெரிவிக்கத் தானே சில குறிப்புகளை அமைத்துக்கொண்டாள். பனிக்கூழ் வேண்டுமாயின், அதனைச் செய்யும் பொறியைச் சுற்றுவது போலக் கையைச் சுற்றி, குளிரால் நடுங்குவது போல நடுங்கிக் காட்டுவாள். தன் குறிப்புப் பிறர்க்கு விளங்காதபோது சினம் கொண்டு அழுவாள். கையில் அகப்பட்டதை வீசி எறிவாள். பெற்றோர் செய்வதறியாது திகைத்தனர்.

தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவிகேளாதோர் கல்வியிலும் பேரீடுபாடு உடையவர். ஆர்தர் கெல்லர் மகளை அவரிடம் அழைத்துச் சென்றார். அவர் காட்டிய வழியே பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுத, அப்பள்ளியில் பயின்று தேர்ந்த ஆனி சல்லிவன் என்னும் இருபது வயது மங்கை ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். அந்நாள் 1887ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள். ஆனியும் இளமையில் கண்ணோயால் பார்வை குன்றி, அறுவை மருத்துவத்தால் ஓரளவு மீண்டவள். இருளின் இயல்பை அவள் நூலிற் படித்து அறிந்தவள் அல்லள்.

ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் ஆசிரியை சிறுமியைத் தண்ணீர் இறைக்கும் குழாயடிக்கு அழைத்துச் சென்றாள். ஒரு கையின்மேல் குளிர்ந்த நீர் பாய்ந்துகொண்டிருக்க, மறு கையில் தண்ணீர் என்னும் சொல்லின் எழுத்துகளைத் தன் விரலால் ஒவ்வொன்றாகக் கூட்டினாள். கையில் ஓடும் குளிர்ச்சிக்கும் உள்ளங்கையில் எழுந்த குறிகளுக்கும் உள்ள தொடர்பு அக்கணமே சிறுமிக்கு விளங்கிற்று. பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்பதை அவள் அறிந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் பல சொற்களைக் கற்றுக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு ஹெலன் பெர்க்கின்ஸ் பள்ளிக்குச் சென்றாள். அங்கே தொட்டு அறிவதற்கென்றே உயிரினங்களின் உருவங்களும் பலவகை மாதிரிகளும் தொகுத்து வைக்கப்பட்டிருந்தன. பார்வையற்றோர்க்கென அமைந்த பள்ளியாதலின் அங்குத் தடையேதும் இல்லை. பள்ளிக்கு வெளியே இருந்த உலகின் முறையோ வேறு.

காட்சிச்சாலைக்குச் சென்ற மாணவர்கள் அங்கே ஒரு பலகையைக் கண்டிருப்பீர்கள். பொருள்களைத் தொடலாகாது என்று அதில் எழுதியிருக்கும். அவ்விதியைக் குறைகூற இயலாது. மனிதர் கையில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உண்டு. அவை படப்பட உலோகம் மங்கும். பல்லாயிரவர் கை பட்டால் கல்லும் தேயும். நம் கோயில் தூண்களில் மூக்கும் முகமும் மழுங்கி வழவழப்பாய் நிற்கும் சிற்பங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆனால், கண்ணுடையார்க்கு எச்சரிக்கையாக அமையும் அப்பலகை, கண்ணில்லார்க்கு அடைத்த கதவாகிவிடுகிறது.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை ஒரு காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர்களுள் பார்வையற்ற மாணவன் ஒருவனும் இருந்தான். மற்றையோர் பொருள்தோறும் நின்று வியந்து பேச, அவன் என் கையைப் பற்றியவாறு கூடம் கூடமாக நடந்து வந்தான். யாவும் முடிந்து வெளியே வந்தபோது, தோட்டத்தில் கிடந்த கருங்கல் யாளி ஒன்றின்மேல் அவன் கை தற்செயலாகப் பட்டது. அதன் வாயையும் பற்களையும் பிடரியையும் அவன் நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றான். அன்று அவன் கண்ட பொருள் அஃது ஒன்றே. அதுவரை அப்பலகையைப் பற்றி நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஹெலனுக்கு அக்கதவு திறந்த நிகழ்ச்சி 1893ஆம் ஆண்டு கோடையில் நடந்தது. கொலம்பசு அமெரிக்காவை அடைந்து நானூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடுமுகத்தான் சிக்காகோ நகரில் உலகப் பெரும் பொருட்காட்சி ஒன்று கூட்டப்பட்டது. அதனையொட்டி நடந்த சமயப் பேரவையிலேதான் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றினார். அப்பொருட்காட்சிக்கு ஆசிரியை ஆனியோடும் பெல் பெருமகனாரோடும் ஹெலன் சென்றாள். அப்பொழுது அவளுக்கு வயது 13.

கண்ணும் காதும் அற்ற சிறுமிக்குப் பொருட்காட்சியில் என்ன வேலை என்று வினவத் தோன்றும். பொருட்காட்சியின் தலைவர் ஹார்லோ ஹிகின்பாதம் அவ்வாறு வினவவில்லை. காட்சிப்பொருள்களை அவள் தொட்டுப் பார்க்கலாம் என்று அவர் இசைவு அளித்தார். அந்த ஓர் இசைவினால் உலக நாடுகளின் செல்வங்களெல்லாம் அச்சிறுமியின் விரல்களுக்கு எட்டின. மூன்று வாரம் அவள் அங்கே சுற்றிவந்தாள். அவள் தொடத் தொட, அப்பொருளின் வரலாற்றை ஆசிரியை அவள் உள்ளங்கையில் எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். மின்பொறிகள் வைத்திருந்த கூடத்தில் தொலைபேசி முதலியவற்றின் இயல்பைப் பெல் தாமே விளக்கினார்.

இந்தியக் கடைவீதி ஒன்று அங்கே அமைந்திருந்தது. சிவபெருமான் வடிவங்களும் யானைமுகக் கடவுள் வடிவங்களும் அங்கு இருந்தமையைப் பிற்காலத்தில் தம் வரலாற்றில் அம்மையார் குறித்துள்ளார். கண்ணை மூடிக்கொண்ட குழந்தையும் தும்பிக்கையைத் தடவியவுடன் பெயர் சொல்லிவிடும் வடிவம் அது! பிரெஞ்சு நாட்டு வெண்கலச் சிலைகள் உயிருடையன போல அவள் விரல்களுக்குத் தோன்றின. தென்னாப்பிரிக்கப் பகுதியில் வயிரம் எடுக்கும் முறையைக் காட்டியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த பொறிகளைக் கூடுமானவரை தொட்டுப் பார்த்து, வயிரத்தை நிறுப்பதும் அறுப்பதும் பட்டை தீட்டுவதும் எவ்வாறு என்று அவள் தெளிந்தாள். கழுவி எடுத்த மண்ணில் தானே துழாவி ஒரு வயிரத்தையும் கண்டெடுத்தாள்! எகிப்து நாட்டிலிருந்து வந்த பாடம் செய்த பிணங்களை மட்டும் தொட அவள் கை கூசிற்று. தொடுவதற்கு உரிமை கிடைத்தாலும் தொடாதிருப்பதற்கும் உரிமை உண்டன்றோ?

இவை எல்லாவற்றினும் அவள் நெஞ்சில் ஆழப் பதிந்தது ஒரு சிறு பொருள். கொலம்பசு ஏறிச் சென்ற சாந்தா மரியா என்னும் கப்பலைப் போன்ற கப்பல் ஒன்று அங்கு நிறுத்தப்பட்டிருந்தது. அக்கப்பலின் தலைவர், கொலம்பசின் அறையையும் அங்கிருந்த மேசையையும் அவளுக்குக் காட்டினார். மேசைமேல் மணல் கடிகை ஒன்று இருந்தது. மேலறையிலிருந்து கீழறைக்கு மணல் ஒவ்வொரு துகளாக இறங்கிக் காலம் காட்டும் கருவி அது. சூழ இருந்த மாலுமிகள் தன் உயிர்க்கே சூழ்ச்சி செய்துகொண்டிருக்க, கரை காணாத கடலில் இத்துகள்கள் விழுவதை அம்மாவீரன் எத்துணைச் சோர்வோடு நோக்கியிருப்பான் என்று அவள் எண்ணினாள். கண்ணுடையார் பல்லாயிரவர் அவ்வறையைக் கடந்து சென்றிருப்பர். அவருள் எத்தனை பேர்க்கு அவ்வெண்ணம் தோன்றியிருக்கும்?

பின்னர் ஹெலன் பல பள்ளிகளில் பயின்று, 1900ஆம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பாடநூல்களுட் பல பிரெயில் எழுத்தில் இல்லாமையால், வகுப்பிலும் வீட்டிலும் ஆனி சல்லிவன் அவற்றை அவர் கையில் எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது. 1904ஆம் ஆண்டு சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1903ஆம் ஆண்டில், அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்துவிட்டது.

காட்சிச்சாலைகளும் கலைப்பொருள் விற்கும் கடைகளும் தமக்கு இன்பம் தருவன என்று அந்நூலில் அவர் தெரிவித்துள்ளார். கண்ணின் துணையின்றிக் கை மட்டும் சிற்பத்தின் அழகை அறியுமோ என்று பலர் ஐயுறுவதையும் குறிப்பிடுகிறார். சிற்பத்தின் வளைவுகளையும் நெளிவுகளையும் உணர்வதில் கண்ணினும் கையே கூர்மையுடையதோ என்பது அவர் கருத்து. அவருடைய படிப்பறைச் சுவரில் கிரேக்கப் பெரும்புலவர் ஹோமரின் முகம் புடைப்பாகச் செதுக்கிய வட்டப்படிமம் ஒன்று தொங்கிற்று. கண்ணுடையார் தம் வீட்டுப் படங்களைக் கண்மட்டத்தில் மாட்டுவர். ஹெலன் அப்படிமத்தைத் தம் கைக்கு எட்டுமாறு தாழ மாட்டியிருந்தார். ஹோமரும் பார்வையற்றவர் என்பது மரபு. அப்புலவரின் நெற்றிச் சுருக்கங்களில் அவர் பட்ட துன்பத்தையும், ஒளியைத் தேடும் ஏக்கத்தையும் அம்மையாரின் விரல்கள் நாள்தோறும் படித்து வந்தன.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. சிக்காகோவில் ஹெலன் பெற்றது ஒரு சலுகை. பெல் போன்ற பெருமக்களின் நட்பு அவருக்கு இருந்தது. செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதிவந்தன. அவரைப் போலவே பார்வையற்ற ஏழைக் குழந்தைகள் எண்ணற்றோர்க்குத் தலைவர்களிடம் இசைவு வாங்கித் தருவார் யாவர்? இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரக் காட்சிச்சாலையின் காப்பாளர் சார்ல்டன் டீஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1906ஆம் ஆண்டு முதல் அவர் தம் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிக் குழந்தைகளைக் காட்சிச்சாலைக்கு அழைத்து, பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் பிற பொருள்களையும் கையால் தடவிப் பார்க்கச் செய்தார். பின்னர்ப் பார்வையற்ற முதியோரையும் அழைத்தார். அவர்களுள் ஒருவரும் புகழ் பெற்றவர் அல்லர். அதனாலேயே அவர் செயல் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

ஹெலன் கெல்லரும் தமக்குக் கிடைத்த வாய்ப்போடு அமைதியுற்று இருந்துவிடவில்லை. 1924ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்தின் பணியில் ஈடுபட்டு, ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். பார்வையற்றோர்க்குக் கல்வியும் தொழிலும் நூல்களும் வேண்டுமென அரசினரிடம் வாதாடினார். 35க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றார். இடையே, 1936ஆம் ஆண்டில் ஆனி சல்லிவன் காலமானார். அரை நூற்றாண்டுக் காலம் உள்ளங்கையில் பேசிய விரல்கள் ஓய்ந்தன. பின்னர்ப் பாலி தாம்சன் என்னும் மங்கையார் அம்மையாருக்குத் துணையாக அமைந்தார்.

மூன்று நாள் மட்டும் கண்ணொளி கிடைத்தால் யாது செய்வேன் என்று கற்பனை செய்து, 1933ஆம் ஆண்டு அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். முதல் நாளைத் தம் அன்பர்க்கும் ஆசிரியைக்கும் ஒதுக்கினார். இரண்டாம் நாளைக் காட்சிச்சாலைகளுக்கு ஒதுக்கினார்! கிடைத்தற்கரிய மூன்று நாள்களில் ஒன்றை அங்கே கழிக்க விரும்பினாரெனின், அவ்விடங்கள் அவருக்கு எத்துணை அருமையுடையனவாக இருந்திருக்கவேண்டும்! நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தை அவர் பெயர் சுட்டிக் கூறுகிறார். எகிப்தியக் கடவுளரின் உருவங்களையும், ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயிலின் புடைப்புச் சிற்பங்களைப் போலச் செய்த படிகளையும், மைக்கேல் ஏஞ்சலோ படைத்த மோசே சிலையின் சுதைப்படியையும் அவர் ஏற்கெனவே கையால் அறிந்திருந்தார். ஆயினும், அவற்றின் அழகில் ஒரு பகுதி தமக்கு எட்டாமலே இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. ஓவியமோ முற்றிலும் எட்டவில்லை. வண்ணம் தீட்டிய தட்டைத் துணியில் விரலுக்கு என்ன இருக்கிறது?

இசையையும் ஆடலையும் கூட அவர் கையாலேயே நுகர்ந்தார். காருசோ என்னும் இத்தாலியப் பாடகர் பாடியபோது, அவர் உதடுகளில் விரல் வைத்து அப்பாடலை உணர்ந்தார். மார்த்தா கிரகாம் என்னும் ஆடல் வல்லாரின் கூடத்துக்குச் சென்று ஆடுவோரின் அசைவுகளைத் தொட்டு அறிந்தார்.

1950ஆம் ஆண்டில் அம்மையார் எழுபதாம் அகவையில் இத்தாலி நாட்டுக்குச் சென்றார். ஜோ டேவிட்சன் என்னும் சிற்பியும் உடனிருந்தார். பிளாரன்சு நகரம் சிற்பக்கலையின் தாயகம். மைக்கேல் ஏஞ்சலோவும் டொனாடெல்லோவும் செதுக்கிய உருவங்கள் அங்கு உள்ளன. அவை படிகள் அல்ல. அப்பெருங்கலைஞரின் உளிபட்ட கற்களே. அவற்றுட் சில உயரத்தில் அமைந்தவை. தரையில் நிற்பவர் கைக்கு எட்டாதவை. ஆகவே, இடம் விட்டு இடம் நகர்த்தக்கூடிய சாரங்களை அங்குள்ளோர் அவருக்காகவே அமைத்துக் கொடுத்தனர். முதிய வயதில் அம்மையார் அச்சாரத்தின்மேல் ஏறினார். கல்லில் எழுந்த நெற்றியையும் விழிப்பள்ளத்தையும் தோளையும் அவர் கைகள் மெல்லத் தடவிச் சென்றன.

டேவிட்சன் கல்லையும் மண்ணையும் வாழ்நாள் முழுதும் கையாண்டவர். அச்சிற்பங்களைப் பன்முறை பார்த்தவர். எனினும், அம்மையாரின் கைகள் அவற்றின்மேல் உலவியதை நோக்கிய அன்று அறிந்த அளவு நெருக்கமாக அவற்றைத் தாம் அதற்குமுன் அறிந்ததில்லை என்று அவர் பின்னர் எழுதினார். கண்ணில்லாதவர்க்குக் காட்டுவதற்காகச் சாரம் கட்டினார்கள். கண்ணுடைய சிற்பி கண்டுகொண்டார்.

1955ஆம் ஆண்டு அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். பிரதமர் ஜவகர்லால் நேருவைக் கண்டபோது, அவர் முகத்தைத் தம் விரல்களால் மென்மையாகத் தடவி அறிந்தார். அந்நிகழ்ச்சியின் புகைப்படம் இன்றும் உள்ளது. நேருவின் கண்கள் மூடியிருக்கின்றன. அம்மையாரின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றுகிறது.

அம்மையார் உயிரோடிருந்தபோதே, 1966ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வட கரோலினா கலைக்கூடத்தில் பார்வையற்றோர்க்கென ஒரு தனிக்கூடம் திறக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 1968ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், எண்பத்தெட்டாம் வயது நிறைவதற்குச் சில நாள் முன்னர் அவர் இயற்கை எய்தினார்.

அதன்பின் கதவுகள் பல திறந்தன. இத்தாலி நாட்டு அங்கோனா நகரில் பார்வையற்ற தம்பதியர் இருவரின் முயற்சியால் 1993ஆம் ஆண்டு ஒரு காட்சிச்சாலை எழுந்தது. அங்கே புகழ்பெற்ற சிலைகளின் படிகளும் கட்டடங்களின் சிறுவடிவங்களும் தொடுவதற்கென்றே வைக்கப்பட்டுள்ளன. அதற்கு இடப்பட்ட பெயர் ஹோமர் என்பதாகும். ஓவியத்துக்கும் ஒரு வழி பிறந்தது. ஸ்பெயின் நாட்டுப் பிராடோ கலைக்கூடத்தார் 2015ஆம் ஆண்டு தம்மிடமுள்ள ஓவியங்கள் சிலவற்றைப் புடைப்புருவாகச் செய்து, பார்வையற்றோர் கைக்குத் தந்தனர். விரலுக்கு ஒன்றுமில்லை என்றிருந்த துணியில் முகமும் மூக்கும் எழுந்தன. அதே ஆண்டில் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் தொட்டறியும் கூடம் ஒன்று அனுபவ் என்னும் பெயரோடு திறக்கப்பெற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றி 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், கலைகள் அவர்க்கும் எட்டுமாறு செய்தலை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஹிகின்பாதம் ஒரு சிறுமிக்கு விரும்பி அளித்த இசைவு, நூற்றிருபத்து மூன்று ஆண்டு கழித்து இங்கே சட்டத்தில் ஏறிற்று. ஏட்டில் ஏறியது எல்லா ஊர்க் காட்சிச்சாலைகளிலும் இன்னும் இறங்கவில்லை. படிக்கட்டு மட்டுமே உள்ள வாயிலில் சக்கர நாற்காலியோடு வந்தவர் காத்து நிற்பதை நாம் இன்றும் காணலாம்.

அம்மையாருக்கும் ஒரு சிலை உண்டு. 2009ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தார் அதனை வாஷிங்டன் நகரத்துப் பாராளுமன்றக் கட்டடத்துக்கு வழங்கினர். பட்டம் பெற்ற அறிஞராகவோ நாடுகளைச் சுற்றிவந்த முதியவராகவோ அதில் அவர் காட்சியளிக்கவில்லை. குழாயடியில் நின்று கையில் நீரை ஏந்தும் ஏழு வயதுச் சிறுமியாக வெண்கலத்தில் நிற்கிறார். அதன் பீடத்தில் கண் படிக்கும் எழுத்தோடு விரல் படிக்கும் பிரெயில் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது.